ரோஸ்லின் கொண்டுவரும் கூழ்

ஜூலை 7, திங்கள்

விடாத தூறல். துணி காயவில்லை. இவருடைய போர்வை மட்டும் ஃபேனுக்கு அடியில். பிஸியோதெரபி ஆள் வரவில்லை, நாச்சாரம் ரோட்டில் தண்ணீராம். வாதம் வந்த வலது கை இவருக்கு அப்படியேதான். பேச்சும் இல்லை.

காலையில் வாசலில் ரோஸ்லின். பின்தெரு ரோஸ்லின்! சர்ச் அறுப்புப் பண்டிகை ஏலத்தில், நான் ஆசையாகக் கேட்ட பரங்கிக்காயை விடாமல் விலை ஏற்றி ஏற்றி எடுத்துக்கொண்டு போனவள். அன்றோடு நின்ற பேச்சு. இன்று கையில் தூக்குச்சட்டி. கேழ்வரகுக் கூழ், கெட்டியாக.

"அண்ணனுக்குக்கா. தண்ணியா குடுத்தா புரையேறிடும்."

அவ்வளவுதான். போய்விட்டாள். இவளுக்கு என்ன வேண்டும்?

இவர் மிச்சம் வைக்காமல் குடித்தார். அது எனக்கு இன்னும் எரிச்சல்.

ஜூலை 8, செவ்வாய்

ரோ. மறுபடியும் கூழோடு. நேற்றைய சட்டியில் சர்க்கரை போட்டுக் கொடுத்தேன். எங்கள் வீட்டில் யார் பாத்திரத்தையும் வெறுமனே திருப்பியதில்லை. அம்மா காலத்து வழக்கம். நாளைக்கு யாரும் ஒரு சொல் சொல்ல முடியாது.

வாங்க: கெரசின் இல்லை, கேஸ் புக் பண்ணணும். டயாபர். சுண்டைக்காய் வற்றல்.

சாயங்காலம் ஜெபக்குழு. ஞானம் சிஸ்டர் இவர் தலையில் எண்ணெய் பூசி ஜெபித்தார். கண் திறக்காமலே சொன்னார்: "வெளிய வராத பாவம் ஒண்ணு இந்த வீட்ல இருக்கு. அறிக்கை பண்ணுங்க சிஸ்டர், சுகம் தானா வரும்."

சுற்றி எல்லாரும் "ஆமென்". பிறகு காபி, முறுக்கு. போகும்போது ஒவ்வொருத்தியும் என் முகத்தையே பார்த்தாள். என்னத்தைத் தேடினார்களோ.

ஜூலை 9, புதன்

இவர் என்ன மறைத்திருப்பார்? இத்தனை வருஷம் பேக்டரி, வீடு, சர்ச். சனிக்கிழமைகளில் பேகம்பேட்டில் யாரோ நண்பனைப் பார்க்கப் போவார். நண்பன்தானா?

கேட்டே விட்டேன். "ஆமான்னா கண்ணை மூடுங்க. குடியா? பொம்பளையா? யாருக்காவது துரோகமா?"

கண்ணை மூடவே இல்லை. என்னையே பார்த்தார். பிறகு இடது கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போயிற்று. துடைத்துவிட்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் சந்தேகம் போகவில்லை. சும்மா ஒருத்தரைக் கர்த்தர் இப்படி அடிப்பாரா? அடிப்பார் என்றால் அவரைத்தான் நான் எப்படி நம்புவது?

இதை யாரிடமும் சொல்ல முடியாது.

ஜூலை 10, வியாழன்

ரோ. கூழ். நான்: வாழைப்பழம்.

காரணம் புரிந்துவிட்டது. மாடி போர்ஷன் காலி! அவள் தம்பிக்கு வீடு தேடுவதாக முன்னமே கேள்வி. வேண்டுமென்றே சொன்னேன், "மாடியை வாடகைக்கு விடப்போறோம்" என்று.

"நக்கோக்கா, வேணாம், இப்ப விடாதீங்க. ஆள் ஏறி இறங்கினா அண்ணனுக்குத் தூக்கம் கெடும். தம்பி உப்பல்லயே வீடு பார்த்துட்டான்."

சே.

ஜூலை 11, வெள்ளி

குகட்பள்ளிக்கு ஃபோன். மகள் ஷீபாதான் சம்பளம் பேசி ரோ.வை அனுப்புகிறாளோ என்று.

"வாட் மம்மி! ஐ டோன்ட் ஈவன் ஹேவ் ஹர் நம்பர். கொடுத்தா வாங்கிக்கோ மா. ஏன் டிடெக்டிவ் வேலை?"

தமிழில் திட்டினால் இங்கிலீஷில் சிரிக்கிறாள். இரண்டாவது காரணமும் போச்சு. மிச்சம் ஒன்றுதான், சாட்சி. ஞாயிறு ஆராதனையில் எழுந்து நின்று, "பகையாளி வீட்டுக்கும் கூழ் கொண்டுபோகக் கர்த்தர் கிருபை செய்தார்" என்று கண்ணைக் கசக்கப்போகிறாள். வரட்டும்.

ஜூலை 13, ஞாயிறு

ஷீபா வந்து இவரோடு இருந்தாள். தெரு முழுக்க போனாலு அம்மன் பண்டிகை மைக். நான் சர்ச்சுக்கு.

சாட்சி நேரம். ரோ. எனக்கு முந்தின பெஞ்சில். அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவர் எழுந்தார், விசா கிடைத்ததாம். இன்னொருத்தி, மகனுக்கு வேலையாம். ரோ. கைக்குட்டையை மடித்து, பிரித்து, மடித்து. எழவே இல்லை. ஏமாற்றமாக இருந்தது. உண்மையைத்தான் எழுதுகிறேன்.

வெளியே ஞானம் சிஸ்டர் பிடித்துக்கொண்டார். "என்ன, அறிக்கை பண்ணிட்டாரா?"

"அவரால வாயே திறக்க முடியல சிஸ்டர்."

"அப்ப நீங்க பண்ணுங்க."

ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தி ஏறிவிட்டேன்.

ஜூலை 14, திங்கள்

வெயில். போர்வை மாடியில்.

ரோ. வந்ததும் கேட்டின் குறுக்கே நின்றேன். "நெஜத்தச் சொல்லு ரோஸ்லின். எதுக்கு இதெல்லாம்?"

"கைக்கு, ஏன்க்கா அப்படிக் கேக்கறீங்க?"

"பரங்கிக்காய்ல இருந்து நீயும் நானும் பேசல. இப்ப என்ன வந்துச்சு?"

யோசித்தாள். எனக்காக ஒரு காரணம் தேடிப் பார்த்தாள் என்றே தோன்றியது. கிடைக்கவில்லை போல.

"தெரியலக்கா. எங்க வீட்டுக்குக் காய்ச்சுவேன். அண்ணனுக்கும் ரெண்டு கரண்டி சேத்துப் போட்டேன். ஆறிடும், வழி விடுங்க."

உள்ளே போய் அவளே ஊட்டினாள். நான் அடுப்படியில் நின்றேன். ஒரு காரணமும் இல்லாமல் இந்தக் கூழ் வருகிறது என்றால், ஒரு காரணமும் இல்லாமல் அவருக்கு வாதமும் வந்திருக்கலாம் அல்லவா. யாரும் எதையும் செய்து சம்பாதித்ததாக இல்லாமல். சண்டே ஸ்கூல் பிள்ளைகளுக்குக் கிருபை என்றால் இலவசம் என்று பாட்டாகவே சொல்லிக் கொடுத்தவள் நான். இலவசமாக வந்தபோது கேட்டில் நிறுத்தி விசாரித்தேன்.

அழுகை வந்தது. அழுதேன்.

நாளைக்கு ஞானம் சிஸ்டரை வரவேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும்.

அவள் கிளம்பும்போது, கழுவி வைத்திருந்த நேற்றைய சட்டியை எடுத்தேன். பழக்கத்தில் கை சர்க்கரை டப்பாவுக்குப் போயிற்று. மூடியைத் திறந்தேன். மறுபடி மூடினேன்.

வெறும் சட்டியை நீட்டினேன். உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு போனாள்.