தொட்டாச்சா?

டொரண்டோ
9.10.2025

அன்பு மதினிக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். கற்பகவல்லிக்கு ஒன்பதாம் மாதம் நடக்கிறது, காலில் கொஞ்சம் நீர். உங்களுக்குப் போனில் பேசினால் கேட்காது என்று மருமகனிடம் தாள் வாங்கி எழுதுகிறேன்.

இங்கே இது இலை உதிர்கிற காலம். மரமெல்லாம் ரத்தச் சிவப்பு. தெரு முழுக்க இலை கிடக்கிறது, தீபாவளிக்கு மறுநாள் நம் தெருவில் வெடிக்காகிதம் கிடக்குமே, அப்படி. ஆனால் வெடித்த சத்தம் மட்டும் இல்லை. பகலிலும் ஆள் நடமாட்டம் கிடையாது. எதிர்வீட்டு வாசலில் ஒரு எலும்புக்கூட்டை நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறார்கள். பேய்ப் பண்டிகையாம், பிளாஸ்டிக்தானாம். எனக்கு அந்தப் பக்கம் திரும்பவே பிடிக்கவில்லை.

இன்னொன்று. வீட்டுக்குள் ஹீட்டர் போட்டுக் காற்று காய்ந்து கிடக்கிறது. கதவுக் கைப்பிடியில் கை வைத்தால் சுளீரென்று பொறி அடிக்கிறது. ‘எல்லாருக்கும் அடிக்கும்மா, பேசாம இருங்க’ என்கிறாள் கற்பகம். ஆனால் ஒவ்வொரு பொறிக்கும் உள்ளேயிருந்து நம் ரோஜா குரல் கேட்கிறது. உடம்பில் உள்ள மின்சாரம் இறங்க, செருப்பைக் கழற்றிவிட்டு வாசல் செப்புத் தகட்டைத் தொட்டால்தானே பட்டாசு மருந்து கலக்கும் அறைக்குள் நம்மை விடுவாள்? ‘அங்கனயே நில்லுங்க அத்தை, தொட்டாச்சா?’ அதே அதட்டல். உங்கள் மகள் நினைப்பாகவே இருப்பதால் இருக்கும். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இப்படிக்கு,
செல்வலட்சுமி

*

ஏழாயிரம்பண்ணை
27.10.2025

செல்வலட்சுமிக்கு மதினியின் ஆசி.

உன் எழுத்து கோழி கிளறியது போல இருந்தாலும் இரண்டு தரம் படித்தேன். தீபாவளி முடிந்து கம்பெனிக்கு லீவு. உன் அண்ணனுக்கு மூட்டுவலி. கற்பகத்தைப் படுக்கவிடாதே, நடக்கச் சொல்.

குரல் கேட்டது என்று எழுதியிருந்தாய். உன்னிடம் மட்டும் சொல்கிறேன். மருந்து அறை வெடித்தபோது பக்கத்து ஷெட்டில் இருந்த எனக்கு அன்றைக்குப் போன காது, இரண்டு வருஷமாக உன் அண்ணன் கத்தினாலும் கேட்காது. ஆனால் தினமும் காலை பதினொரு மணிக்கு, ரோஜா போன நேரத்துக்கு, கொல்லைக் கதவுக்கு வெளியே ஒரு குரல் தெளிவாகக் கேட்கிறது. ‘தொட்டேம்மா.’ திறந்தால் ஆள் இல்லை. தாழ்ப்பாள் மட்டும் யாரோ பிடித்திருந்த மாதிரி வெதுவெதுப்பாக இருக்கிறது.

பெற்ற பிள்ளையிடம் எனக்கென்ன பயம்? பதில் சொல்லத் தெரியாமல்தான் நிற்கிறேன். தகட்டைத் தொடாமல் போய், தானும் செத்து, குருவம்மாள் மகளையும் கொன்றாள் என்று கம்பெனி சொல்லிவிட்டது. ஊரும் நம்பிவிட்டது. குருவம்மாள் என்னைக் கண்டால் குழாயடியில் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறாள். நீ அந்த அறைக்காரி. தண்ணீர் எடுக்க வெளியே வந்ததால் பிழைத்தவள். மறைக்காமல் சொல். என் பிள்ளை தொட்டாளா, இல்லையா?

மாடத்தி

*

டொரண்டோ
12.11.2025

மதினி,

தொட்டாள். குடத்தோடு வெளியே வந்தபோது என் கண்ணால் பார்த்தேன். உள்ளங்கையை அழுத்தி வைத்துத் தொட்டாள்.

தப்பு தகட்டில்தான். ஆயுத பூஜைக்கு அறையைக் கழுவினோம் அல்லவா? தகடு களிம்பேறிப் பச்சையாக இருந்தது. சாமி கும்பிடுகிற இடம் அசிங்கமாக இருக்கிறதே என்று, கதவுக்கு அடித்து மிஞ்சிய மஞ்சள் பெயிண்டை அதற்கும் பூசிப் பொட்டு வைத்தது நான். மூன்று நாள் எல்லோரும் பெயிண்டைத்தான் தொட்டோம். பெயிண்ட் மூடினால் தகடு வேலை செய்யாது என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. பிறகு ஒரு பாதுகாப்பு வகுப்பில் சொன்னார்கள்.

அப்போதாவது வாயைத் திறந்திருக்க வேண்டும். கற்பகம் கல்யாணம் நின்றுவிடும் என்று பயந்தேன். செத்தவள்தானே, அவள் பேரில் கிடக்கட்டும் என்று இருந்துவிட்டேன்.

பேத்தி பிறந்திருக்கிறாள். முதல்முதலாகத் தூக்கக் குனிந்தேன். என் விரலுக்கும் அவள் கன்னத்துக்கும் நடுவே பொறி அடித்தது. பிள்ளை அழவில்லை, என் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தது. ‘தொட்டாச்சா அத்தை?’ என்று அங்கிருந்து ரோஜா குரல் கேட்டது. நான் பதில் சொல்லவில்லை. அதன் பிறகு பிள்ளையைத் தூக்க எனக்குக் கை வரவில்லை. மரமெல்லாம் மொட்டையாகிவிட்டது. வெளியே பார்க்கவும் பயமாக இருக்கிறது.

செல்வலட்சுமி

*

ஏழாயிரம்பண்ணை
1.12.2025

செல்வலட்சுமிக்கு,

உன் கடிதத்தைக் குழாயடிக்குக் கொண்டுபோய்க் குருவம்மாள் கையில் கொடுத்தேன். எல்லோருக்கும் கேட்கும்படி படித்தாள் என்று அவள் வாயைப் பார்த்தே தெரிந்தது. பாதியில் நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். உன் அண்ணன் கடிதத்தோடு சூலக்கரைக்கு, கலெக்டர் ஆபீசுக்குப் போயிருக்கிறார். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் பதினொரு மணிக்குக் கொல்லைக் கதவைத் திறந்துவைத்து, ‘நீ தொட்ட தாயி, எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு’ என்று சொன்னேன். ஒன்பது நாளாயிற்று, குரல் வரவில்லை. தாழ்ப்பாள் சில்லென்று கிடக்கிறது. இப்போது எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை.

பேத்தியைத் தூக்கு. அது என்ன பாவம் செய்தது?

இனி எனக்கு எழுத வேண்டாம். ரோஜா இங்கே இல்லை, அங்கேதான் வந்திருப்பாள். குளிரில் நிற்க வைக்காமல் கதவைத் திற. தொட்டாச்சா என்று கேட்டால் இந்தத் தடவையும் வாயை மூடிக்கொண்டு நிற்காதே.

ரோஜாவின் அம்மா