முப்பத்தெட்டு நிமிடம்

என் பட்டாணிக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே இருக்கிறோம், உடம்புக்குப் புதிதாக ஒன்றும் இல்லை. நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், நீ சுகமாக இல்லை என்று தெரிந்துகொண்டே அப்படி எழுதக் கை வரவில்லை. அதனால் உன் உடம்பு கொஞ்சமாவது தேறியிருக்க வேண்டும், நேற்று ஒரு வேளையாவது பசித்துச் சாப்பிட்டிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு ஆரம்பிக்கிறேன். போனில் பேசாமல் கடிதம் எதற்கு என்று நினைக்காதே. போனில் எனக்கு வார்த்தை பாதியில் நின்றுவிடுகிறது, நிற்கிற இடத்தில் கைக்குக் கிடைத்த வார்த்தையைப் போட்டு நிரப்பிவிடுகிறேன், அப்படி நிரப்பி நிரப்பித்தான் உன்னை இவ்வளவு நாள் ஏமாற்றியிருக்கிறேன். காகிதம் என்றால் எழுதியதைத் திரும்பப் படித்துவிட்டு மேலே போகலாம். இது ஆறாவது நாள், தினமும் முதல் வரியிலிருந்து படித்துவிட்டுத்தான் தொடர்கிறேன். குளியலறைக் குழாய் சொட்டிக்கொண்டே இருந்ததே, அதைச் சரிபண்ணியாயிற்று.

போன மாதம் நீ கூப்பிட்டபோது, குழந்தை உதைக்க ஆரம்பித்துவிட்டதா என்று கேட்டேன். பழைய பருத்தித் துணியில் ஆறு விரிப்பு வெட்டி ஓரம் தைத்து வைத்திருக்கிறேன், ஆள் வந்தால் கொடுத்துவிடுகிறேன் என்றும் சொன்னேன். உடனே லைன் போய்விட்டது. நான் சிக்னல் இல்லை என்று நினைத்து மூன்று தடவை திரும்பக் கூப்பிட்டேன். குழந்தை நாலாம் மாதத்திலேயே போய்விட்டது என்று அதற்கு ஐந்து வாரம் முன்னாலேயே நீ என்னிடம் அழுது சொல்லியிருக்கிறாய், அதற்குப் பிறகும் பெற்றவள் இப்படிக் கேட்டால் எந்தப் பெண் பொறுப்பாள். நான் நெஞ்சில் ஈரமில்லாமல் கேட்கவில்லை, கண்ணு. மறந்துவிட்டேன் என்று சொன்னால்கூடச் சரியில்லை, மறப்பதற்கு அது முதலில் மனதில் பதிந்திருக்க வேண்டும், பதியவே இல்லை என்கிறார் டாக்டர். இதை உனக்குப் புரியவைக்க வேண்டுமென்றால் நான் மறைத்ததிலிருந்து சொல்லி வர வேண்டும்.

எனக்கு வலிப்பு வருவது உனக்குத் தெரியும். நீ காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது பஸ் நிறுத்தத்தில் விழுந்தேனே, அதிலிருந்து மாத்திரைதான். வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை வரும், மற்றபடி நான் பழைய ஆள்தான் என்று உன்னிடம் சொல்லி வந்தேன். அது பாதிதான் நிஜம். விழாத நாட்களிலும் ஏதோ ஒன்று கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டிருந்தது. கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டே அதன் பெயர் வராமல், இந்த வெட்டுறத எங்க வைக்கட்டும் என்பேன். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் இரண்டும் காதில் விழும், ஒன்றும் உள்ளே போகாது. அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பால் வாங்கக் கடைக்குப் போயிருக்கிறேன். அப்பாவிடம் இதையெல்லாம் சிரிப்புக் கதை மாதிரி சொல்வேன், அவர் வயரிங் வேலை பார்க்கிற ஆளாயிற்றே, "மெயின் நல்லாத்தான் இருக்கு, எங்கேயோ ஒரு போர்டுலதான் லூஸ் கனெக்‌ஷன்" என்பார், இரண்டு பேரும் சிரித்துவிட்டு அதோடு விட்டுவிடுவோம்.

கண்ணாடிக் கடை வேலையை நான் விட்டது கால்வலியால் இல்லை. உனக்கு அப்படித்தான் சொன்னேன், அப்பாவுக்கும் அதையேதான் சொன்னேன். பதினாறு வருஷம் லென்ஸை அறுத்துப் பிரேமில் மாட்டிய கை இது, கண் டாக்டர் எழுதிய சீட்டை ஒருதரம் பார்த்தால் போதும், வலது எது இடது எது என்று யோசிக்கவே வேண்டியிருக்காது. போன வருஷம் ஸ்கூல் வேன் ஓட்டுகிற ஒருவருக்கு வலது கண் பவரை இடதுக்கும் இடது கண் பவரை வலதுக்கும் போட்டுக் கொடுத்துவிட்டேன். அவர் பத்து நாள் அதைப் போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறார். தலை வெடிக்கிற மாதிரி வலி, படிக்கட்டு ஒன்றின்மேல் ஒன்றாகத் தெரிகிறது. அந்த மனுஷன் கண்ணாடியைச் சந்தேகப்படவே இல்லை, தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டிருக்கிறார். பிள்ளைகளை ஏற்றுகிற வண்டியாயிற்றே என்று வேனைக் கொண்டுபோய் நிறுத்திச் சாவியையும் ஸ்கூலில் கொடுத்துவிட்டு, எங்கள் கடைக்கு வந்து என்னிடமே, "அக்கா, என் கண்ணு அவ்வளவுதான் போலிருக்கு, நீங்களே ஒருதரம் பாத்துச் சொல்லுங்க" என்று கேட்டார். கண்ணாடியை மெஷினில் வைத்துப் பார்த்ததும் வலதும் இடதும் மாறியிருப்பது தெரிந்தது. முதலாளியம்மாவிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் புது லென்ஸ் போட்டுக் கொடுத்து, ஸ்கூலுக்கும் போன் பண்ணிப் பேசிவிட்டு, யாருக்குத்தான் தப்பு வராது, விடுங்கக்கா என்றார். அந்த மாதத்தில் அது மூன்றாவது என்பது அவருக்குத் தெரியாது. முதல் இரண்டையும் கடையை விட்டுப் போவதற்குள் நானே கண்டுபிடித்து மாற்றியிருந்தேன். அந்த வாரமே கால்வலி என்று சொல்லி நின்றுவிட்டேன். கால்வலி என்றால் எல்லாரும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்கிறார்கள், புத்தி தடுமாறுகிறது என்றால் என்ன சொல்வார்களோ என்று பயமாக இருந்தது. டாக்டரிடம்கூட வலிப்பை மட்டும்தான் சொல்லி வந்தேன்.

இனி அந்த நாள். அப்பா ஒரு பல் டாக்டரின் புதுக் கிளினிக்கில் வயர் இழுக்கப் போயிருந்தார். மூன்று மணிக்குச் சாப்பிட வந்து பார்த்தால் நான் சமையலறைத் தரையில் கிடக்கிறேன், நாக்கு கடிபட்டு, துணியெல்லாம் நனைந்து. எத்தனை தடவை வந்தது, எவ்வளவு நேரம் கிடந்தேன், யாருக்கும் தெரியாது. போன் மேடைக்கு அடியில் கிடந்ததாம். கண் இரண்டும் வீங்கியிருந்ததாம். விழுந்ததில் அடிபட்டுவிட்டது என்று நினைத்து அப்பா ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி ஒத்தடம் கொடுத்திருக்கிறார். அழுது வீங்கிய கண் என்று அவருக்கு எப்படித் தெரியும், எனக்கே தெரியாதே. காலையில் பல் துலக்கியது ஞாபகம் இருக்கிறது, அதற்கடுத்தது ஆஸ்பத்திரிக் கட்டில், நடுவில் ஒன்றுமே இல்லை. அந்த நடுவில்தான் நீ கூப்பிட்டிருக்கிறாய். குழந்தை போனதைச் சொல்லியிருக்கிறாய். அப்பாவிடம் நீயே சொல்லிடும்மா, என்னால முடியல என்றும், கொஞ்ச நாள் போன் வேண்டாம், நானே கூப்பிடுறேன் என்றும் சொல்லியிருக்கிறாய். இங்கே நான் ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அப்பாவிடம் முதலில் சொன்னது என்ன தெரியுமா, நான் விழுந்ததைப் பட்டாணிகிட்ட சொல்லிடாதீங்க, மாசமா இருக்கிற பிள்ளை பயந்துரும் என்றுதான்.

அதற்குப் பிறகு நான் கூப்பிட்டபோதெல்லாம் நீ எடுக்கவில்லை, அப்புறம் பேசுறேன்மா என்று செய்தி வரும், மசக்கையில் படுத்திருப்பாள் என்று நினைத்துக்கொள்வேன். ரெண்டு பேரும் பத்திரமா இருங்க என்று தினமும் அனுப்புவேன். நீ அது உன்னையும் மாப்பிள்ளையையும் என்று நினைத்திருப்பாய். நான் நினைத்த இரண்டு பேர் வேறு.

போன மாதம் நீ அப்படிப் போனை வைத்த மூன்றாம் நாள் மாப்பிள்ளை அப்பாவைக் கூப்பிட்டிருக்கிறார். அப்பா ஏணி மேல் நின்று விசிறி மாட்டிக்கொண்டிருந்தாராம். "மாமா, அத்தை ஏன் இப்படிக் கேட்டாங்க, அவ ரெண்டு நாளா படுக்கையை விட்டு எழுந்திருக்கல" என்று கேட்டாராம், என்ன கேட்டாள், எதற்கு எழுந்திருக்கவில்லை என்று அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் ஏணியிலிருந்து இறங்கி, போட்டதைப் போட்டபடி விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். வந்து என் எதிரில் உட்கார்ந்து, "பட்டாணி உன்கிட்ட ஏதாவது சொன்னாளா" என்றார். ஒன்றும் சொல்லவில்லையே என்றேன். பிறகு அவர் சொன்னார். நான் அப்போது செய்ததையும் உனக்கு எழுதிவிடுகிறேன், மறைத்தது போதும். நான் முதலில் அழவில்லை. சண்டை போட்டேன். அவ சொல்லவே இல்ல, சொல்லியிருந்தா எனக்குத் தெரியாதா, பெத்தவகிட்ட மறைச்சுட்டு இப்போ என் மேலயே பழியைப் போடுறா என்று சாயங்காலம் முழுக்கக் கத்தினேன். உன்னைப் பொய்க்காரி என்றேன், கண்ணு. அப்பா என் போனை எடுத்து, பழைய அழைப்புகளைக் கீழே தள்ளிக்கொண்டே போய், ஓரிடத்தில் நிறுத்தி என் கையில் கொடுத்தார். உன் பேர், நான் விழுந்த அதே தேதி, காலை பதினொன்று ஐந்து. முப்பத்தெட்டு நிமிடம் பேசியிருக்கிறோம்.

அந்த எண்ணைப் பார்த்ததும் போனைத் திருப்பி அப்பாவிடமே கொடுத்துவிட்டேன். நாலு வார்த்தையில் சொல்லி வைக்கிற விஷயம் இல்லையே, முப்பத்தெட்டு நிமிடம் நீ அழுதிருக்கிறாய், நான் கேட்டிருக்கிறேன். அப்புறம்தான் இரண்டு பேரும் அழுதோம். அப்பா குழந்தைக்காக அழுதது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை, எனக்கு அது இரண்டாவது தடவையாம்.

மறுநாள் டாக்டரம்மாவிடம் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், லென்ஸ் மாறியது வரை. அவர் ஐந்து வார்த்தை சொல்லி, வேறு பேச்சுப் பேசிவிட்டு, இப்ப திருப்பிச் சொல்லுங்க என்றார், எனக்கு இரண்டுதான் வந்தது. அப்பா ஐந்தையும் சொல்லிவிட்டு, பரீட்சையில் காப்பியடித்த பிள்ளை மாதிரி என்னைப் பார்த்து முழித்தார். நோயும் ஒரு காரணம், மாத்திரையும் ஒரு காரணம், உங்களுக்குப் பைத்தியமும் இல்லை, அக்கறை குறையவும் இல்லை என்று டாக்டர் சொன்னார். வலிப்பு அடுத்தடுத்து வந்தால் அதற்கு முன்னால் நடந்த சில மணி நேரம் பதியாமலே போகலாமாம். இதை ஏன் இத்தனை வருஷம் சொல்லலை என்று கேட்டார். வெட்கம் என்றேன். ஒரு மாத்திரையை மாற்றியிருக்கிறார், வார்த்தை கொஞ்சம் சீக்கிரம் வரும், பழையபடி ஆகிவிடும் என்று சொல்ல மாட்டேன் என்றார். அவர் அப்படிச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

இப்போது தெரிந்துகொண்டதாவது நிற்குமா என்றுதான் பயம். நிற்கும் என்கிறார் டாக்டர், எனக்கு நம்பிக்கை இல்லை. அதனால் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், குழந்தை நாலாம் மாதம் போய்விட்டது, பட்டாணியிடம் கேட்கக் கூடாது என்று. காலை மாத்திரை போடும்போது அதைப் படிக்கிறேன். அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை, "நான்தான் ஞாபகம் வச்சிருக்கேனே, நீ எதுக்கு தெனமும் அத எடுத்துப் படிச்சு அழுவுற" என்கிறார். அவளுக்கு யாரும் எழுதி வைக்காமலே காலையில் கண் திறந்ததும் ஞாபகம் வரும், நானும் படித்துத் தெரிந்துகொண்டு போகிறேன், விடுங்கள் என்றேன். அந்த ஆறு துணியையும் பீரோவில் உள்தட்டில் வைத்திருக்கிறேன், கிழித்துக் கரித்துணியாக்க மனம் வரவில்லை, அது வீட்டில் இருக்கக் கூடாது என்று உனக்குத் தோன்றினால் சொல். அப்பா பல் டாக்டர் வேலையை முடித்துவிட்டார், கூலியைக் கழித்துக்கொண்டு அந்த டாக்டரே அவருடைய கடைவாய்ப் பல்லையும் பிடுங்கிவிட்டார். குளியலறைக் குழாயைச் சரிபண்ணியாயிற்று. இதை மேலேயே எழுதிவிட்டேன் போலிருக்கிறது, அடிக்காமல் விடுகிறேன், அம்மா எப்படி இருக்கிறாள் என்று உனக்கும் தெரியட்டும்.

நீ பாரம் தூக்காதே. லேபில் நின்றுகொண்டே பார்க்கிற வேலையை இன்னும் கொஞ்ச நாளைக்கு வேறு யாரையாவது பார்க்கச் சொல். மாப்பிள்ளை உனக்கு முன்னால் அழாமல் இருப்பார், அதனால் அவருக்கு ஒன்றுமில்லை என்று எண்ணிவிடாதே, இங்கே அப்பா மொட்டை மாடியில் துணி காயப்போடும் சாக்கில் அழுதுவிட்டு வருவதை நான் பார்க்கிறேன். என்மேல் கோபம் இருந்தால் வைத்துக்கொள், உடனே தீர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இனிமேல் போனில் நான் தப்பாக எதையாவது கேட்டால் மட்டும் வைத்துவிடாதே, "அம்மா, இது உனக்குத் தெரியும், நோட்டைப் பார்" என்று சொல், போதும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். மாப்பிள்ளை அப்பாவிடம் இன்னொன்றும் சொன்னாராம். குழந்தை போன அன்றைக்கு நீ யார் சொல்லியும் எழுந்திருக்கவில்லை என்றும், என்னிடம் பேசி முடித்த பிறகுதான் எழுந்து முகம் கழுவி ஒரு வாய் சாப்பிட்டாய் என்றும், அத்தை என்ன சொன்னாங்கன்னு தெரியல, ஆனா அவளுக்கு உயிர் வந்துச்சு என்றும் சொன்னாராம். நான் என்ன சொன்னேன், பட்டாணி? எவ்வளவு யோசித்தாலும் எனக்கு ஒரு வார்த்தைகூட வரவில்லை. உனக்கு முடிகிறபோது, எழுத மனம் வருகிறபோது, அதை எழுதி அனுப்பு. எனக்கும் அப்பாவுக்கும் இங்கே அதைச் சொல்வதற்கு ஆள் இல்லை.

உடம்பும் மனசும் தேறி, நீங்கள் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் துணையாக நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும். டாக்டர் கொடுத்த சத்து மாத்திரையை நடுவில் நிறுத்திவிடாதே. பதிலை அப்பா பேருக்குப் போடாதே, என் பேருக்கே போடு, நான் பிரித்துப் படிப்பேன்.

என்றும் உன்னை நினைத்திருக்கும்,
அம்மா