படகோரத்தில் ஓர் எட்டு

செப்டம்பர் 8

காலையில் மூடுபனி. ஏரி கண்ணுக்குத் தெரியவில்லை. இந்த வீட்டில் எனக்குப் பிடித்த காட்சி அதுதான் என்று மனைவி வெர்னாவிடம் சொன்னால் சண்டைக்கு வருவாள்.

மகள் கரின் செயின்ட் பால் நகரத்திலிருந்து பேசினாள். மார்ச்சில் வெர்னாவுக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து கரினுக்குப் பேச்சு ஒன்றுதான்: வீட்டை விற்றுவிட்டு இருவரும் அவள் பக்கத்தில் வந்துவிட வேண்டும். அம்மாவுக்கு இடது கை சரியில்லை, அப்பாவுக்குத் தண்ணீர் என்றாலே நடுக்கம், இப்படி இரண்டு பேர் ஏரிக்கரையில் எப்படிப் பனிக்காலம் கழிப்பீர்கள் என்கிறாள். நியாயம்தான். நான் சரி என்று சொல்ல வாயெடுத்தேன்.

வெர்னா என் கையிலிருந்து தொலைபேசியை வாங்கிக்கொண்டாள். "உங்கப்பா ஒரு மஸ்கி மீன் பிடிக்கட்டும். நவம்பர் கடைசில தேங்க்ஸ்கிவிங்குக்கு நீ வர்றதுக்குள்ள பிடிச்சிட்டா நாங்க இங்கயேதான். இல்லன்னா நானே பெட்டி கட்டுறேன்" என்றாள்.

என்னை யாரும் கேட்கவில்லை. ஐம்பது வருடமாக அவள் படகில் போவதையும் வருவதையும் சமையலறை ஜன்னலில் நின்று பார்த்தவன் நான். மருந்துக்கடையில் மாத்திரை எண்ணிப் பழகிய கை இது. ஆள் கால் நீளத்துக்கு மேல் வளரும், நாய்க்கு இருப்பதுபோல் பல் உள்ள ஒரு மீனை இந்தக் கை என்ன செய்யும்?

செப்டம்பர் 11

புல்வெளியில் பயிற்சி. முள்ளைக் கழற்றிவிட்ட பொய்யிரை, வெறும் மரக்கட்டை. வெர்னா நாற்காலியில் உட்கார்ந்து சொல்லித்தந்தாள். கட்டைவிரலை ரீலில் லேசாக வைத்திருக்க வேண்டும். எடுத்தால் நூல் குருவிக்கூடாகிவிடும். எடுத்தேன். குருவிக்கூடானது. பிரித்தேன். மறுபடியும்.

பக்கத்து வீட்டு டுவேன் காபிக் கோப்பையோடு வேலியோரம் வந்து நின்றான். "என்ன ஓரின், இந்த வருஷம் புல்லுல மஸ்கி எப்படி?"

"நேத்து உன் நாய் துரத்திட்டு வந்துச்சு, கடிக்கல" என்று வெர்னா என் சார்பில் பதில் சொன்னாள்.

செப்டம்பர் 14

படகில் முதல் நாள். மிதவைச் சட்டையின் பட்டைகளை இழுத்துப் பார்த்தேன், அவளுடையதையும். அவள் பொறுத்துக்கொண்டாள்.

என் பயத்தைத் தெளிவாக எழுதி வைக்கிறேன், எழுதினால் குறையுமா என்று பார்க்க. நான் முன்பக்கம் நிற்கிறேன். வீசுவதற்குத் தூண்டில் கோலைப் பின்னால் கொண்டுபோகும்போது மூன்று மூன்று முள்ளாக இரண்டு கொத்து தொங்கும் அந்தக் கட்டையும் பின்னால் போகிறது. பின்னால் அவள் உட்கார்ந்திருக்கிறாள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாள். ஒரு முள் கிழித்தால் இரத்தம் நிற்க எவ்வளவு நேரமாகும் என்று மற்றவர்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாமலிருந்தால் நன்றாக வீசுவேனோ என்னவோ.

இடது கைக்காவது தோல் கையுறை போட்டுக்கொள் என்று நீட்டினேன். "கைக்கு உணர்ச்சி திரும்பி வந்துட்டிருக்கு. விரலெல்லாம் ஊசி குத்துற மாதிரி இருக்குன்னு சொன்னேன்ல. உனக்குக் குளிருதுன்னா நீ போட்டுக்க."

கோட்டுப் பையில் திரும்ப வைத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் கற்றேன். மஸ்கி இரையைப் படகுவரை துரத்தி வரும். கடிப்பதா வேண்டாமா என்று கடைசி கெஜத்தில்தான் தீர்மானிக்கும். அதனால் இரை படகை நெருங்கியதும் தூக்கிவிடக் கூடாது. கோல் நுனியை நீரில் முக்கி, அகலமாக ஓர் எட்டு போட வேண்டும். ஒவ்வொரு வீச்சுக்கும். மீன் இல்லாதபோது எதற்கு என்று கேட்டேன்.

"ஜெபம் முடிஞ்சா ஆமென் சொல்றேல்ல? கேக்குறாரா இல்லையான்னு பாத்துட்டா சொல்ற?"

செப்டம்பர் 19

காற்று. போகவில்லை. எனக்கு அதில் வருத்தம் இருப்பதுபோல் நடந்துகொண்டேன்.

செப்டம்பர் 27

வந்தது.

நாணல் திட்டுக்கு வெளியே வீசி இழுத்துக்கொண்டிருந்தேன். இரைக்குப் பின்னால் நீருக்கடியில் ஒரு கட்டை மிதந்து வந்தது. கட்டை ஏன் காற்றுக்கு எதிராக வருகிறது என்று யோசித்தேன். பிறகு அதற்குக் கண் இருந்தது. அது இரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தது. அப்படித்தான் தோன்றியது.

எட்டா? எங்கே எட்டு. கோலை அப்படியே மேலே பிடுங்கிவிட்டேன். இரை என் காதோரம் பறந்து, பின்னாலிருந்த நாற்காலியின் இடது கைப்பிடியில் குத்தி நின்றது. மீன் அவசரமே இல்லாமல் கீழே இறங்கி மறைந்தது.

"விருந்துக்குக் கூப்பிட்டுட்டு, வந்து கதவத் தட்டுனதும் விளக்க அணைச்சிட்டியே, கிழவா."

அவளுக்கு மீன் போனதுதான் கோபம். எனக்கு வேறு. முள் குத்திய இடத்துக்கு ஓர் அங்குலம் தள்ளி அவள் இடது கை இருந்தது. அவள் அதை நகர்த்தவே இல்லை. ஏன் என்று கேட்டேன். படாதுன்னு தெரியும் என்றாள்.

அவளுக்கு எப்படித் தெரியும்?

செப்டம்பர் 28

கரின் சொல்வதுதான் சரி. நான் இதற்கு ஆளில்லை.

அக்டோபர் 4

கம்பி வெட்டி ஒன்று படகில் எப்போதும் இருக்கிறது. முள் ஆளைக் குத்திவிட்டால் பிடுங்கக் கூடாது, தண்டை நறுக்க வேண்டும். பழைய துருப்பிடித்த முட்களைப் பட்டறையில் ஒரு ரொட்டித் துண்டில் குத்திவைத்து நறுக்கிப் பழகினேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டு எடுத்தும் பார்த்தேன். வெட்டியை என் இருக்கைக்கு வலப்பக்கம், கைப்பிடி மேலே பார்க்க, ஒரு துணிப்பையில் செருகிவைத்திருக்கிறேன்.

வெர்னா வாசலில் நின்று பார்த்துவிட்டு, ரொட்டிக்கு உயிர் இருக்கா என்று கேட்டாள்.

சிரிக்கட்டும்.

அக்டோபர் 13

எழுத்து கோணலாகத்தான் வரும். வரிசையாக எழுதினால்தான் எனக்குப் புரியும்.

மேகமூட்டம், மேற்கிலிருந்து சிறு அலை. மதியத்துக்கு மேல். வீசினேன், இழுத்தேன், கோலை முக்கினேன், எட்டு. இரண்டாவது வளைவில் கோல் கனத்தது. பாசி என்று நினைத்தேன். பாசி தலையை உதறியது.

அதற்கப்புறம் நடந்ததில் பாதி எனக்குத் தெரியாது. விடாதே, இறுக்காதே, விடாதே என்று அவள் குரல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. வலையை வலது கையால் நீரில் இறக்கி, இடது முழங்கையால் பிடியை விலாவோடு அணைத்து, மீனைத் தலையோடு உள்ளே வாங்கிவிட்டாள். வலை விளிம்பைப் படகோடு சேர்த்துப் பிடிக்க இடது கையை அதன்மேல் போட்டாள். மீன் ஒருமுறை புரண்டது.

வெர்னா சிரித்துக்கொண்டிருந்தாள். மார்ச்சுக்குப் பிறகு அந்தச் சிரிப்பை நான் பார்க்கவில்லை. "நாப்பத்தஞ்சு இஞ்சுக்குக் குறையாது ஓரின். கரின்கிட்ட நான்தான் சொல்லுவேன், நீ சொல்லக் கூடாது."

இரையின் ஒரு கொத்து மீனின் தாடையில் இருந்தது. இன்னொரு கொத்தில் ஒரு முள் அவள் இடது உள்ளங்கையில், கட்டைவிரலடியில், வளைவுவரை இறங்கியிருந்தது. மீன் தலையை அசைக்கும்போதெல்லாம் கையும் அசைந்தது. அவள் சிரித்துக்கொண்டேயிருந்தாள்.

"கைய அசைக்காத" என்றேன்.

"ஏன்?"

பிறகு அவளும் பார்த்தாள்.

வெட்டி இருந்த இடத்திலேயே இருந்தது. முதலில் அவள் பக்கத்துத் தண்டு. நறுக்கென்றது. அப்புறம் மீன் பக்கம், ஒன்று, இன்னொன்று. துவாலையை மடித்து அவள் கையில் அழுத்தி, வலது கையால் பிடிக்கச் சொன்னேன். மீனின் வாலடியைப் பிடித்து நீரிலேயே நிறுத்தியபோதுதான், நான் அதைத் தொட்டுக்கொண்டிருக்கிறேன் என்பது உறைத்தது. குளிர்ந்த, கனத்த ஒன்று. என் கையைத் தள்ளிவிட்டுப் போனது.

மோட்டாரை நான்தான் ஓட்டினேன். மருத்துவமனையில் முள்ளை எடுத்தார்கள். இரத்தம் நிற்க நேரமானது, ஆனால் நின்றது. வழி நெடுக, வலிக்கிறதா என்று நான் கேட்கவில்லை.

அக்டோபர் 16

காலை உணவின்போது, தட்டைப் பார்த்தபடி சொன்னாள்:

"குத்துனது எனக்குத் தெரியல. ஊசி குத்துற மாதிரி இருக்குன்னு உன்கிட்ட சொன்னேன்ல, பொய். மார்ச்லருந்தே ஒண்ணும் தெரியல. நாளைக்கு அடுப்புல வச்சாலும் தெரியாது. கரினுக்குப் பேசு, வர்றோம்னு சொல்லு."

நீதான் ஜெயித்துவிட்டாயே, மீனைப் பிடித்தாகிவிட்டதே என்றேன்.

"நீ பிடிச்ச. நான் பயந்துட்டேன்."

ஐம்பது வருடத்தில் அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து கேட்டதில்லை. அது என்னுடைய சொல். என் சட்டையை வேறு யாரோ போட்டுக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது.

கரினுக்குப் பேசுவதில் எனக்கு என்ன தடை? செப்டம்பரில் நானே சரியென்று சொல்லத்தானே இருந்தேன். தொலைபேசியை எடுத்தேன். வைத்துவிட்டேன்.

அக்டோபர் 21

இன்றும் கரினிடம் பேசவில்லை. வெர்னா கேட்கவும் இல்லை. ஏரிப்பக்கம் முதுகைக் காட்டி உட்காருகிறாள்.

அக்டோபர் 25

பனிக்காலத்துக்குப் படகைக் கரையேற்ற டுவேனைக் கூப்பிடச் சொன்னாள். படகை ஏற்றும் சரிவு இருக்கும் எதிர்க்கரைக்கு நானே ஓட்டிப்போய் ஏற்றிவிடுகிறேன் என்றேன். "தனியாவா?" என்று ஒருமுறை கேட்டாள்.

தனியாகத்தான். பட்டைகளைச் சரிபார்த்தேன், மறுபடியும் பார்த்தேன். எங்கள் வீட்டுப் படகுத்துறையை விட்டுக் கொஞ்ச தூரம் போனதும் மோட்டாரை நிறுத்தினேன். பின்னால் காலி நாற்காலி. கைப்பிடியில் பழைய முள் குத்திய தழும்பு. கரையேற்றத்தான் வந்தேன், ஆனாலும் கோலை எடுத்தேன். எப்போதும்போல அதே பயம். குறையும் என்று காத்திருந்து பார்த்தேன், குறையவில்லை. வீசினேன். எட்டு. வீசினேன். எட்டு.

"சின்னதாப் போடுற."

திரும்பினேன். துறையின் நுனியில் போர்வையைச் சுற்றிக்கொண்டு நின்றிருந்தாள். பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லாத இடம். உள்ளே போ என்று கத்தத் தோன்றியது. கத்தவில்லை.

"அகலமாப் போடுய்யா, மருந்துக்கடைக்காரரே. அந்த மீனு திரும்புறதுக்கு இடம் வேணாமா?"

அகலமாகப் போட்டேன். படகை அப்படியே துறைக்குத் திருப்பிக் கொண்டுவந்து கட்டினேன். எதிர்க்கரைக்குப் போகவில்லை.

நவம்பர் 1

காலையில் நாணலடியில் மெல்லிய பனித்தகடு. கரின் பேசினாள். ஏரி உறைந்து, உருகட்டும், அப்புறம் கேள் என்று சொன்னேன். அம்மா என்ன சொல்கிறார்கள் என்றாள். பக்கத்தில்தான் இருக்கிறாள், கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள் என்றேன்.

மதியம் காற்று அடங்கியது. வெர்னா ஜன்னலில் நின்று கொஞ்ச நேரம் வெளியே பார்த்தாள்.

"அந்தத் தோல் கையுறை எங்க வச்ச?"

செப்டம்பரிலிருந்து என் கோட்டுப் பையில்தான் இருந்தது. எடுத்தேன். அவள் இடது கையை வலது கையால் தூக்கி என்முன் நீட்டினாள். விரல் விரலாக மாட்டிவிட்டேன்.