‘நம்புகிறார்கள்’ என்ற வால்

ஜனவரி 11

வாத்தியாராக இருக்கும் மகனுக்கு, உன் அப்பா சொல்லச் சொல்ல மாடிவீட்டு டைப்பிஸ்ட் அம்மா எழுதுவது.

ஆற்றுப் பாலம் நடுவில் உடைந்து விழுந்ததே, நூல் மில்லை இழுத்து மூடினார்களே, மண்ணெண்ணெய் கிடைக்காமல் ஊரே பொழுது சாய்ந்ததும் படுத்துக்கொண்டதே, அந்த வருஷம்தான் உன் அம்மா போனாள். எந்த வருஷம் என்று கேட்டிருந்தாய். வருஷத்துக்கு நம்பர் போடுவது உன் வேலை. எனக்கு நடந்ததுதான் தெரியும்.

பாலம் இல்லாததால் அக்கரைச் சொந்தம் ஒருத்தரும் வந்து சேரவில்லை. அடக்கத்துக்கு நின்றது ஐந்தே பேர். நான், நீ, என் தங்கச்சி, அம்மாவின் அண்ணன் நெட்டை மாமா, பக்கத்து வீட்டுத் தையல்காரர். தையல்காரர் கழுத்தில் தொங்கின அளவு டேப்போடு அப்படியே ஓடிவந்திருந்தார். தூறலுக்குப் பயந்து மண் தள்ளுகிறவர்கள்கூட தூரத்து மரத்தடிக்குப் போய்விட்டார்கள்.

மாமாதான் ஆரம்பித்தார். “மாப்ளே, சாமி விஷயமெல்லாம் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கிறவன் நீ. உங்க அம்மாவுக்கு நாலு வார்த்தை சொல்லுடா.”

நீ தொண்டையைச் செருமிக்கொண்டு, கரும்பலகைக்கு முன்னால் நிற்பது போல நின்றாய். “அம்மா நல்ல இடத்துக்குப் போயிருக்கிறாள் என்று நம்புகிறார்கள்” என்றாய்.

உன் அத்தை உடனே, “யாருடா நம்புறாங்க? அடுத்த தெருக்காரங்களா?” என்று கேட்டாள். தையல்காரர் டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டார். அதன் பிறகு நான் உன்னிடம் பெரிதாக ஒன்றும் பேசவில்லை.

எனக்கு இப்போது நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது என்கிறார்கள். அதனால் முன்கூட்டியே சொல்கிறேன். என் அடக்கத்துக்கு நீ வரலாம், தோள் கொடுக்கலாம், மண் போடலாம். வாயைத் திறக்கக்கூடாது. அத்தையைக் காவலுக்கு வைத்திருக்கிறேன்.

(இந்த இடத்தில் சொன்ன ஒரு வார்த்தையை எழுத என் கை வரவில்லை. — எழுதுபவர்)

கைநாட்டு,
அப்பா


ஜனவரி 30

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். டைப்பிஸ்ட் அம்மாவுக்கும் என் வணக்கம். இதை மெதுவாகப் படித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மூச்சு வாங்குகிறதா? இரண்டு தலையணை வைத்துப் படுக்கிறீர்களா? இதைக் கேட்டு எழுதினால் பதில் தராமல் பழைய விஷயத்தை எடுப்பீர்கள் என்று தெரியும். ஆனாலும் கேட்கிறேன்.

அந்தச் சொல் என் தொழிலில் வந்தது அப்பா. என் வகுப்பில் ஒரே பெஞ்சில் ஐந்து சமயத்துப் பிள்ளைகளும், ஒன்றுமே வேண்டாம் என்கிற வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து உட்காருகிறார்கள். நான் யார் பக்கமும் சாயக்கூடாது. அதனால் எதைச் சொன்னாலும் ‘என்று நம்புகிறார்கள்’ என்று முடிக்க வேண்டும். பிள்ளைகள் அதற்கு ‘வால்’ என்று பேர் வைத்திருக்கிறார்கள். நான் மறந்தால் மொத்த வகுப்பும் “சார், வால்! வால்!” என்று கத்தும். அது எங்களுக்குள் ஒரு விளையாட்டு.

போன மாதம் ஒன்பதாம் வகுப்பில் ‘இறப்புக்குப் பின்’ என்ற பாடம். அப்பாவைப் பறிகொடுத்து இரண்டு வாரம் வராமலிருந்த ஒரு பிள்ளை அன்றைக்குத்தான் வந்திருந்தாள். பாடத்தைத் தள்ளிப் போட்டிருக்கலாம். தோன்றவில்லை. நான் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போக, அவள் எழுந்து, “சார், எங்க அப்பா இப்ப எங்க இருக்காரு?” என்றாள்.

“நல்லா இருக்காரும்மா. உட்காரு” என்றேன்.

வால் போடவில்லை. ஒரு பிள்ளைகூடக் கத்தவில்லை.

ஆனால் யாரோ வீட்டில் போய்ச் சொல்லிவிட்டார்கள். வேறொரு பிள்ளையின் அப்பா வந்து சண்டை போட்டார். தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, “நீங்க பாடம் நடத்துறீங்களா, பிரசங்கம் பண்றீங்களா?” என்றார். என்னிடமிருந்து சமயப் பாடத்தை எடுத்துவிட்டார்கள். ஓய்வு பெறும்வரை புவியியல். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதற்கு வால் தேவையில்லை.

அன்றைக்கு ராத்திரி முழுக்க அம்மா நினைப்பாகவே இருந்தது. அதனால்தான் எந்த வருஷம் என்று கேட்டேன்.

அன்புடன்,
உங்கள் மகன்


பிப்ரவரி 18

வாத்தியாருக்கு,

காகிதம் வந்தது. டைப்பிஸ்ட் அம்மா படித்துக் காட்டினார். இரண்டாம் தடவை படிக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். ஒரு தடவை காதில் விழுந்தால் எனக்குப் போதும். அதுதான் என் பீடை.

யாரோ பெற்ற பிள்ளைக்கு வாலை அறுத்துப் போட்டாய். வேலை போனாலும் போகட்டும் என்று நின்றாய். நல்ல காரியம். அந்தப் பிள்ளை நன்றாக இருக்கட்டும். உன்னைப் பெற்றவள் மழையில் கிடந்தாள். அவளுக்கு அந்த வாலை அறுக்க உனக்கு மனசு வரவில்லை. அங்கே என்ன, பள்ளிக்கூட இன்ஸ்பெக்டரா நின்றார்? உன் நெட்டை மாமாதானே நின்றார்?

தலையணை இரண்டு இல்லை, மூன்று.

கைநாட்டு,
அப்பா


மார்ச் 5

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் கேட்டது நியாயம். இத்தனை வருஷமாக ‘வாய் தவறி வந்துவிட்டது’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய்.

மாமா என்னைப் பேசச் சொன்னபோது, “அம்மா நல்ல இடத்துக்குப் போயிருக்கிறாள்” என்பதுவரை சொல்லிவிட்டேன். அங்கேயே நிறுத்தினால் அடுத்த மூச்சில் உடைந்து விழுந்திருப்பேன். போய்விட்டாள் என்று ஆகிவிடும் இல்லையா? அதுவரைக்கும் நான் அழவில்லை. நான் விழுந்தால் உங்களை யார் பிடிப்பார்கள்? நீங்கள் ஏற்கெனவே தையல்காரர் தோளில் சாய்ந்திருந்தீர்கள். வகுப்பில் தினமும் சொல்கிற சொல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவ்வளவுதான் அப்பா.

அந்தப் பிள்ளைக்கு வால் போடாமல் சொல்ல முடிந்தது ஏனென்றால், அழ வேண்டியவள் அவள், நான் இல்லை.

வாயைத் திறக்கக்கூடாது என்றீர்கள். திறக்கமாட்டேன். ஆனால் அதற்கு முன்னால் ஒருதரம் வந்து பார்க்கட்டுமா? பரீட்சை முடிந்து லீவு விட்டதும் கிளம்பிவிடுவேன். சரி என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

உங்கள் மகன்


மார்ச் 24

மகனுக்கு,

அத்தை போன புதன்கிழமை போய்விட்டாள். தூக்கத்திலேயே. தந்தி, போன் ஒன்றும் வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன். உன் பரீட்சை நேரம். அதற்கு முந்தின வாரம் என்னைப் பார்க்க வந்தவள், “அடுத்த தெருக்காரங்க இப்ப என்னண்ணே சொல்றாங்க?” என்று கேட்டுவிட்டு, பல் இல்லாத வாயால் அப்படிச் சிரித்தாள். அவள் அதைச் சிரிப்பாகத்தான் வைத்திருந்தாள். உன் கடுதாசியைப் படித்துக் காட்டச் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது. “பாவம் புள்ள” என்றாள். அதோடு எழுந்து போய்விட்டாள்.

என் காவல் போயிற்று. இனி நீ வாயைத் திறந்தால் தடுக்க ஆளில்லை.

நான் கொத்தனார். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மூன்றாம் மாடி உயரத்தில் பூச்சு வேலை. காற்று அடிக்கிறது. சாரத்து மூங்கிலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நிற்பான் ஒருத்தன். கீழே நிற்கிற எந்தக் கொத்தனாரும் அவனைப் பார்த்து, “ஏண்டா அதைப் பிடிச்சிருக்கே, கையை எடு” என்று சொல்லமாட்டான். நீ பிடித்தது மூங்கில் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. இத்தனை வருஷமும் வால் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

லீவு விட்டதும் வருகிறேன் என்கிறாய். இங்கே இருக்கிற டாக்டர் உங்கள் பள்ளிக்கூட லீவைப் பார்த்துத் தேதி குறிக்கிறவராகத் தெரியவில்லை. பரவாயில்லை, வா. பிந்தினாலும் வா. என் பக்கத்தில் நின்று நாலு வார்த்தை சொல். விழுந்துவிடுவாய் போல இருந்தால் ‘என்று நம்புகிறார்கள்’ என்றே முடித்துக்கொள். எனக்குச் சம்மதம். பிடித்துக்கொண்டு நில்.

(கொஞ்சம் நிறுத்தச் சொன்னார். தண்ணீர் கொடுத்தேன். மேலே சொல்கிறார். — எழுதுபவர்)

மழையில் அதைக் கேட்டவர்கள் ஐந்து பேர். நெட்டை மாமா முதலில் போனார். அப்புறம் தையல்காரர், தைத்துக்கொண்டிருந்த சட்டைக்குக் காலர் வைக்காமலே. இப்போது அத்தை. அடுத்தது நான்தான், அதில் சந்தேகமில்லை. டைப்பிஸ்ட் அம்மாவைக் கணக்கில் சேர்க்காதே, அவர் எழுதியதுதான், காதால் கேட்டதில்லை. அதை உன்னிடம் சொல்லிக்காட்ட என் பின்னால் ஒரே ஒரு ஆள்தான் மிச்சம். அவன் பிடிவாதக்காரன், என்னைப் போல. லேசில் விடமாட்டான். அப்பா விட்டுவிட்டார், நீயும் விட்டுவிடு என்று நான் சொன்னதாக அவனிடம் சொல்.

அது நீதான்.