விலா எலும்பில் ஒரு வெளிச்சம்

என் செல்ல மகனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே நல்லபடியாக இருக்கிறோம், நீயும் மருமகளும் பேத்தியும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்ற நினைப்போடுதான் பேனாவை எடுத்திருக்கிறேன். போன் இருக்கும்போது என்ன கடிதம் என்று சிரிப்பாய். போனில் நான் வாயைத் திறந்தாலே உன் அப்பா பக்கத்தில் வந்து நின்று தொண்டையைக் கனைக்கிறார், பாதியில் பிடுங்கிக்கொண்டு அங்கே குளிரா வெயிலா என்று ஆரம்பித்துவிடுகிறார். இப்போது அவரைச் சிகிச்சைக்கு உள்ளே அழைத்துப் போயிருக்கிறார்கள், நான் வெளியே ஆஸ்பத்திரிக் கூடத்தில் உட்கார்ந்து மடியில் வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

அப்பாவுக்குப் புராஸ்டேட்டில் புற்றுநோய் என்பதும் அதற்குக் கரண்டு, அதுதான் கதிர் சிகிச்சை, வைக்கிறார்கள் என்பதும் உனக்குத் தெரியும். நடுவில் எங்களுக்கு உயிர் போய் உயிர் வந்ததை மட்டும் சொல்லவில்லை. உன்னிடம் போனில் மூச்சு விடக் கூடாது என்று அவர் சத்தியம் வாங்கியிருக்கிறார், கடிதத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சிகிச்சைக்கு முன்னால், நோய் வேறு எங்காவது பரவியிருக்கிறதா என்று பார்க்க உடம்பு முழுக்க ஒரு ஸ்கேன் எடுத்தார்கள். கையில் ஊசி போட்டு, மருந்து உள்ளே பரவட்டும் என்று மங்கலான ஓர் அறையில் தனியாக உட்கார வைத்தார்கள். நோய் இருக்கும் இடத்தில் அந்த மருந்து போய் ஒட்டிக்கொண்டு படத்தில் மினுங்குமாம், அன்று முழுக்கச் சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் போக வேண்டாம் என்றார்கள். மனுஷன் என்னை விட்டும் நாலடி தள்ளியே நடந்தார். நான் என்ன சின்னப் பிள்ளையா என்றதற்கு, விளக்கை அணைத்ததும் நான் மினுங்குகிறேனா என்று பார்த்துச் சொல் என்றார். பார்த்தேன் என்றே வைத்துக்கொள்.

டாக்டரம்மா கம்ப்யூட்டரில் படத்தைக் காட்டினார். கல்யாணம் ஆன நாளிலிருந்து இவர் உள்ளுக்குள் என்ன வைத்திருக்கிறார் என்று தெரியாமல் தவித்தவள் நான், கடைசியில் எல்லாவற்றையும் காட்டிவிட்டார்கள். சாம்பல் நிறத்தில் மிதக்கிற ஓர் உருவம், அங்கங்கே வெளிச்சம். உன்னிடம் விமானத்தில் வந்தபோது மேகத்துக்குக் கீழே விளக்கெரிகிற ஊர்களைப் பார்த்தேனே, அப்படி இருந்தது. பயமா அழகா என்று சொல்லத் தெரியவில்லை. உமிழ்நீர்ச் சுரப்பியும் சிறுநீரகமும் எல்லோருக்கும் அப்படித்தான் ஒளிரும் என்றார். கீழே புராஸ்டேட்டில் எதிர்பார்த்த புள்ளி இருந்தது. பிறகு இடது விலாவில் கடுகளவு இன்னொன்று, அங்கே வந்ததும் டாக்டரம்மா பேச்சை நிறுத்திவிட்டார். நோய் எலும்புக்குப் போயிருந்தால் முழுசாகக் குணமாக்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை, நோயைக் கட்டுக்குள் வைப்பதுதான் வழி என்றார். ஆனால் பழைய அடி பட்ட எலும்பும் சில சமயம் இப்படி மினுங்கும், எப்போதாவது விழுந்தீர்களா, இடித்துக்கொண்டீர்களா என்று கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், இல்லவே இல்லை என்றார். காலமெல்லாம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவருக்கு ஒரு அடிகூடவா பட்டதில்லை என்று மறுபடி கேட்டும் தலையை ஆட்டிவிட்டார்.

அதற்குப் பிறகு வீடே தண்ணீருக்கு அடியில் கிடந்தது மாதிரி இருந்தது. அடுப்பில் வைத்ததை மறந்தேன், துவைத்த துணியையே மறுபடி துவைத்தேன். அவர் தூங்கும்போது அந்த விலாவின் மேல் கையை வைத்துப் பார்ப்பேன், சூடாக இருக்குமோ என்று, பைத்தியக்காரி. அடுத்த தடவை போனபோது ஊசியால் எலும்பில் துளி எடுத்துப் பார்க்கலாம் என்று பேச்சு வந்தது. உடனே அப்பா என்னைத் தண்ணீர் வாங்கி வரச் சொன்னார். பக்கத்திலேயே தண்ணீர் இருந்தது. போய்விட்டு வந்து பார்த்தால் டாக்டரம்மா சிரிப்பை அடக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறார். "உங்களுக்குப் பயந்துக்கிட்டு நோய் பரவியிருக்குன்னே ஒத்துக்கப் பாத்தாரும்மா உங்க வீட்டுக்காரர்" என்றார்.

விஷயம் இதுதான். நீ ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது பழைய குடியிருப்பின் மாடிப்படியிலிருந்து குதிப்பாய், அப்பா கீழே நின்று பிடிப்பார். நான் பார்த்துவிட்டு ஆடிய ஆட்டத்தில், இனிமேல் மாட்டோம் என்று இருவரும் சமர்த்தாகத் தலையாட்டினீர்கள். நான் கடைக்குப் போயிருந்த ஒரு நாள் நீ இன்னும் மேல் படியிலிருந்து குதித்திருக்கிறாய், பிடித்த வேகத்தில் அவர் பின்னால் சரிந்து கைப்பிடிக் கம்பியில் மோதி விலா விரிசல் விட்டிருக்கிறது. அப்போது பல நாள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கினார், தலையணை சரியில்லை என்றார். நானும் நம்பி, பஞ்சைப் பிரித்து வெயிலில் உலர்த்திப் புதுசாகத் தைத்துக் கொடுத்தேன், அப்போதும் நாற்காலியை விடவில்லை. இத்தனை வருஷம் கழித்து, உயிர் ஊசலாடும்போதும், நான் திட்டுவேன் என்று வாயைத் திறக்கவில்லை பார். டாக்டரம்மா அந்த எலும்பை மட்டும் நெருக்கமாக மறுபடி படம் எடுத்து, பழைய முறிவு கூடிய தடம்தான் என்று உறுதியாகச் சொன்னார். நான் லிஃப்டுக்குள் போய் நின்றேன், கதவு மூடியதும் அழுதேன். கூட வந்த அப்பா எந்தப் பொத்தானையும் அழுத்தவில்லை. மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றோம்.

இப்போது தினமும் வருகிறோம். தண்ணீர் குடித்துச் சிறுநீர்ப்பையை நிரப்பிக்கொண்டு படுத்தால்தான் பக்கத்தில் இருக்கும் குடலில் கதிர் அதிகம் படாதாம். அதனால் இந்தக் கூடத்தில் ஆண்கள் எல்லோரும் முழங்காலை ஒட்டி வைத்து அடக்க ஒடுக்கமாக உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள் பார்க்காத காட்சி. ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒருவர், ராத்திரி முழுக்க நிறுத்தாமல் வண்டி ஓட்டியவன் நான், இந்த ஒரு பெஞ்சைத் தாண்ட முடியவில்லை என்று புலம்புகிறார். அப்பாவுக்கு இடுப்பில் அடையாளத்துக்கு மூன்று புள்ளி வைத்திருக்கிறார்கள், இந்த வயசில் பச்சை குத்திக்கொண்டாரே என்று கேலி செய்கிறேன். கொஞ்சம் அசதி, அடிக்கடி எழுந்து போகிறார், எரிச்சல் இருக்கிறது, மற்றபடி சாப்பிடுகிறார். மெஷின் தன்னைச் சுற்றி வருவது தெரியவே இல்லையாம். படுக்கை மெல்ல உயர்ந்து நிற்கும்போது மாடியே வராத லிஃப்டில் போகிற மாதிரி இருக்கிறதாம், கண் சொக்குகிறதாம். சொக்கினால் கதவு திறக்கிறது, பழைய குடியிருப்பு, படியெல்லாம் வெயில், மேலே நீ நிற்கிறாய் என்கிறார்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். அப்பாவுக்கு இது வந்திருந்தால் மகன் மற்றவர்களைவிட முன்னதாகவே கவனிக்க வேண்டுமாம். பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை எப்போது எடுக்கலாம் என்று உன் டாக்டரிடம் கேள், தள்ளிப் போடாதே. அவர் எதைக் கேட்டாலும் உள்ளதைச் சொல், பெண்டாட்டி பக்கத்தில் இருந்தாலும் சொல்.

நேற்று வீட்டுக்குப் போகும் வழியில் கேட்டேன், அடிபட்டதைப் பார்த்துப் பிள்ளை பயந்துவிட்டானா என்று. அவனுக்குத் தெரியவே தெரியாது, சிரித்துக்கொண்டு இன்னொரு தடவை என்று மறுபடி மேலே ஓடிவிட்டான் என்றார். அந்த விலாவோடு நீங்கள் என்ன செய்தீர்கள் என்றேன். "அவன்தான் மேல வந்து நிக்கிறானே, பிடிக்காம என்ன பண்றது" என்றார்.

கதவு திறக்கிறது, வந்துகொண்டிருக்கிறார், மடித்துப் பைக்குள் வைத்துவிடுகிறேன். நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும். போனில் இதைப் பற்றி அவரிடம் மூச்சு விடாதே. பேத்தி எல்லாவற்றின் மேலும் ஏறுகிறாள் என்றாயே, படிப்பக்கம் விடாதே. அப்படியே விட்டாலும், பின்னால் கம்பி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நின்று பிடி.

இப்படிக்கு,
தலையணை தைத்த உன் அம்மா