கடல் வாங்காத தண்ணீர்

கல்முனை

அன்பு மகன் றிஷாட் அறிய உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் வாப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், டோஹாவில் நீயும் அப்படியே இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன். போனில் கதைக்கும்போது வாப்பா பக்கத்திலேயே இருப்பதால் வெள்ளத்தின் கதையை முழுதாகச் சொல்ல முடியவில்லை, அதனால்தான் எழுதி, அங்கே திரும்பி வரும் உன் கூட்டாளி பாயிஸிடம் கொடுத்துவிடுகிறேன்.

மழை விடாமல் பெய்துகொண்டிருந்த அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் ஒலிபெருக்கியில், ஆற்றோரத்தில் இருப்பவர்கள் எல்லோரையும் பாடசாலைக்குப் போகச் சொன்னார்கள். நான் உடுப்பையும் மருந்தையும் பையில் போட்டுக்கொண்டு நின்றேன், வாப்பா கதிரையை விட்டு எழும்பவில்லை. "போன முறையும் இப்படித்தான் சொன்னானுகள், வாசல் முத்தத்துக்குக்கூட தண்ணி வரல்ல. ஊட்டப் பூட்டிட்டுப் போனா கள்ளன்தான் வருவான்" என்றார். "சுனாமிக்கு ஆரும் சொல்லல்ல. இப்ப சொல்றாங்க, கேக்காம இருக்கிறதா" என்று கேட்டேன். கலியாணம் முடித்த நாளிலிருந்து அவர் சொல்லைத் தாண்டி நான் வாசலைக் கடந்ததில்லை, உனக்குத் தெரியும். அன்று கடந்தேன் மகன். பின்னாலேயே வருவார் என்று சந்தி வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனேன், வரவில்லை.

பொழுதுபட்டு மஃரிப் ஆவதற்குள் கடல் கொந்தளித்து, ஆற்றுத் தண்ணீரை வாங்காமல் ஊருக்குள் திருப்பித் தள்ளிவிட்டது. பாடசாலையில் நான் அழுதுகொண்டு நின்றதைக் கண்ட கதிர்காமன், கடலுக்குப் போகிறவர், அவரும் குடும்பத்தோடு அங்கேதான் வந்திருந்தார், உடனே தோணியை எடுத்துக்கொண்டு போனார். வாப்பா மேசைக்கு மேலே கதிரையை வைத்து உட்கார்ந்திருந்தாராம், தண்ணீர் மேசையைத் தொட்டுவிட்டதாம். "காக்கா, வாங்க, உங்கட மனிசி அங்க அழுதுகொண்டு நிக்கிறா" என்று சொன்னபிறகுதான் ஏறினாராம். வந்தவர் நடுங்கிக்கொண்டே என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்து முடித்து, "நீ போகாட்டி எனக்குத் தோணி வந்திருக்காது றாஹிலா" என்றார். பிறகு என் கையைப் பிடித்தவர் விடவேயில்லை.

மெத்தையும் ஃப்ரிட்ஜும் போய்விட்டன, சுவரெல்லாம் சேறு, கதிர்காமனின் மகள் நிரோஜினிதான் வந்து என்னோடு நின்று கழுவித் தந்தாள். உன் மூத்த சகோதரி நப்லா தாத்தா சம்மாந்துறையில் தன்னோடு வந்து இருக்கச் சொல்கிறாள். வீட்டை விட்டுப்போக எங்களுக்கு மனமில்லை, ஆனால் இனி எழும்பச் சொன்னால் எழும்பிவிடுவோம், நீ அதை நினைத்து நித்திரையைக் கெடுத்துக்கொள்ளாதே. வேலை வேலை என்று பகல் சாப்பாட்டை விடாதே.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் பரக்கத்தையும் தரட்டும். ஒன்றை மறந்துவிடாதே. தானே முதலில் வெளிக்கிட்டு என்னையும் கூட்டிக்கொண்டு போனதாக வாப்பா ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார், உனக்கும் அப்படித்தான் சொல்லுவார். ஓம் வாப்பா என்று கேட்டுக்கொள்.

உன்னைக் காணக் காத்திருக்கும்
உம்மா றாஹிலா