நாலு மணி நேரக் கணக்கு

அக்டோபர் 28, செவ்வாய்
லோடு எதுவும் இல்லை. மதுரை வில்லாபுரத்தில் வண்டியைப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அக்கா மலையம்மாள் பாதியாக இளைத்துவிட்டாள். துபாயில் இருக்கும் ஒரே மகன் ஜெயபாண்டி நினைப்புதான் அவளுக்கு. "வந்துருவானாடா?" என்றாள். "நாலு மணி நேரம்க்கா. மெட்ராஸ் பஸ்ஸுக்கு எம்புட்டு நேரம்? ஒம் மகன் மெட்ராஸைவிடப் பக்கத்துலதான் கெடக்கான்" என்றேன். சிரித்தாள். பக்கத்துக் கட்டில்காரியும் சிரித்தாள்.

அக்டோபர் 31, வெள்ளி
சாயந்தரம் ஐந்தே கால். அக்கா போய்விட்டாள்.

நவம்பர் 1, சனி
கம்பெனிக்காரன் இன்றைக்குத்தான் பாஸ்போர்ட்டைக் கொடுத்தானாம். ஜெயபாண்டி நாளைக்கு வருகிற டிக்கெட்டை என் போனுக்கு அனுப்பினான். இங்கிலீஷ் நமக்கு எங்கே? எண்ணை மட்டும் பார்த்தேன். 10.50, ஏறுகிற நேரம். 16.20 என்று ஒன்று, சீட் நம்பர்.

செத்துப்போன அத்தானின் அண்ணன் உக்கிரபாண்டி மச்சான்தான் எல்லாவற்றையும் முன்னின்று செய்கிறார். ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகு காலம். "சந்தேகம்னா சொல்லு மாப்ள, திங்கக்கிழமை எடுப்போம்" என்றார். இன்னொரு ராத்திரி அவள் ஐஸ் பெட்டியில் கிடக்கணுமா? மூணு மணிக்குள் இறங்கிவிடுவான், நான் கணக்குப் போட்டுவிட்டேன் என்றேன். நாலு மணிக்கு எடுப்பதாக ஊருக்குச் சொல்லிவிட்டார்கள்.

நவம்பர் 2, ஞாயிறு
எழுத ஓடவில்லை. மூன்றரை, நாலு, நாலேகால் — ஆளைக் காணோம், போனும் போகவில்லை. பிளைட் லேட்டாம் என்று நான்தான் எல்லாரிடமும் சொன்னேன். யார் சொன்னார்கள் எனக்கு? வாயில் வந்தது, சொன்னேன். ராகு காலத்துக்கு முன்னால் எடுத்துவிட்டார்கள். மச்சான்தான் கொள்ளி வைத்தார்.

ஜெயபாண்டி பையோடு சுடுகாட்டுக்கு ஓடி வந்தபோது அஞ்சே முக்கால். தீயைப் பார்த்தான். அப்புறம் அவன் பெரியப்பாவைப் பார்த்தான்.
அம்மா மொகத்தக்கூடப் பாக்கலையேடா, ஜெயபாண்டி மாப்ள.

நவம்பர் 4, செவ்வாய்
மகள் பவதாரிணியிடம் போனைக் காட்டினேன். 16.20 என்றால் சாயந்தரம் நாலு இருபது, அதுதான் மதுரையில் இறங்குகிற நேரம் என்றாள். 10.50 துபாய் மணியாம். அங்கே கடிகாரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பிந்தித்தான் ஓடுமாம்.

மச்சான் அவனிடம், பிளைட் லேட்டுன்னாங்கப்பா என்றாராம். சரியான நேரத்துக்குத்தானே இறங்கியது, பெரியப்பா பொய் சொல்கிறார் என்கிறான் இவன். அவரோடு பேச்சை விட்டுவிட்டான்.
சொல்லணும். நாளைக்குச் சொல்லிவிடணும்.

நவம்பர் 9, ஞாயிறு
கேலி பண்ணி அவன் வாயைக் கிண்டினேன். அம்மா போன பிறகு முதல் தடவையாகச் சிரித்தான். சிரித்த பிறகு எப்படிச் சொல்வது?

நவம்பர் 15, சனி
கருமாதி. தாய்மாமன் மருமகன் தலையில் உருமாத் துண்டு கட்டுகிற நேரம். மச்சானும் பக்கத்தில் வந்து நின்றார். ஜெயபாண்டி அத்தனை பேர் முன்னால் சொன்னான்: "பெரியப்பா, நீங்க நிக்க வேணாம். எனக்காகக் காத்துக்கிட்டு நின்னது என் மாமன் ஒருத்தர்தான்."
மச்சான் என்னைப் பார்த்தார். நான் துண்டை உதறி மடித்துக்கொண்டிருந்தேன். அவர் சாப்பிடாமல் வெளியே போனார்.
மாப்ள தலையைக் குனிந்து கொடுத்தான்.
கட்டினேன்.